பதினான்காம் பக்கத்துக் கல்

1

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில், இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மடியில் மாற்றுப் புடவை வைத்த பை. பித்தப்பையில் கல். தீபாவளித் தையல் நேரத்தில் இரண்டு முறை வலி வந்து, மெஷின் மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டேன். எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீட்டு நிறுவனம் "செலவு எங்களுடையது" என்று மருத்துவமனைக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். இங்கே அதற்கு ஜிஎல் என்று பெயர். அது வந்தால்தான் கட்டில் கிடைக்கும்.

கவுன்டரில் இருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்டி, ஜிஎல் ரிஜெக்ட் ஆயிருச்சு. டெபாசிட் கட்டினா இன்னைக்கே அட்மிட் பண்ணலாம். இல்லன்னா டேட் மாத்தணும்."

"ஏன்மா, கார்டு இருக்கே?"

"கார்டு இருக்கு ஆன்டி. கவர் இல்ல."

கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். ஆங்கிலம். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். யாழினி சுபாங்கில் அறை எடுத்துத் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். நான் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படத்தைத்தான் திருப்பி அனுப்புவாள். அன்று போன் செய்தாள்.

"அம்மா, ரெண்டு ரீசன் போட்டிருக்காங்க. பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு இந்த சீக்கு இருந்துச்சாம். அப்புறம்..."

"அப்புறம்?"

"நீங்க அத மறைச்சிட்டீங்களாம்."

முதல் காரணம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது உறைத்தது. திண்டுக்கல்லை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். எத்தனையோ கவுன்டரில் நின்றிருக்கிறேன். மலாய் தெரியாதவள் என்று சிரித்திருக்கிறார்கள், விசா முத்திரையை நாலு முறை திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பொய்க்காரி என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் ஒரு தே-ஓ வாங்கிக் குடித்தேன். பாலில்லாத தேநீர்.

2

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் ஒன்று சொல்வார்கள். "உங்களுக்கென்ன, அங்கே எல்லாத்துக்கும் கார்டு." நானும் அப்படித்தான் நினைத்தேன். கார்டு வந்த முதல் மாதம் காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், பெருமையாக அதை எடுத்து நீட்டினேன். அங்கிருந்த பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மருத்துவமனையில் படுத்தால்தான் ஆன்டி, காய்ச்சலுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றான். வீட்டில் சொல்லிச் சிரித்தோம். அன்றைக்கே பாலிசிப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அந்தக் கார்டு எனக்குக் கிடைத்தது கோவிலில். செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்குப் போடும் பெண்கள் நாங்கள் இருபது பேர் இருப்போம். அதில் பரமேஸ் அக்கா காப்பீட்டு ஏஜென்ட். நல்ல மனுஷி. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய்ச் சமையலறையில் நிற்பார். எங்களில் பாதிப் பேருக்கு மேல் அவரிடம்தான் பாலிசி. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து ஃபாரத்தை விரிப்பார். ஒன்றரை வருஷத்துக்கு முன் என்னுடையதும் அப்படித்தான் நடந்தது. விரலில் எண்ணெய், குங்குமம். கையெழுத்துப் போட்ட இடத்தில் சிவப்பாக ஒரு கறைகூட விழுந்தது.

"அக்கா, இதுல என்னென்னமோ கேட்டிருக்கே?" என்றேன்.

"அதெல்லாம் பெரிய வியாதி இருக்கிறவங்களுக்கு லா. உனக்கு ஆப்பரேஷன் கீப்பரேஷன் ஏதும் நடந்துச்சா?"

"இல்ல."

"அப்ப எல்லாம் நோ தான். சைன் போடு. நாலு எடத்துல."

நாலு இடத்திலும் போட்டேன். கோவிலில் வைத்துக் கொடுத்தது, அதுவும் பரமேஸ் அக்கா கொடுத்தது, படித்துப் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்ற நினைப்பு எனக்கு.

3

இனி திண்டுக்கல் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போனால் கல்யாணம், கோவில், துணிக்கடை, அதோடு முழு உடல் பரிசோதனை. இங்கே ஆகும் செலவில் கால்பங்கு என்று சொல்லிக்கொண்டு, உடம்பையும் அங்கேயே சரிபார்த்துவிட்டு வருவோம். பாலிசி எடுப்பதற்கு ஆறு மாதம் முன்னால், சித்தி மகன் கல்யாணத்துக்குப் போனபோது, என் தம்பி செல்வம் என்னையும் அவன் மனைவியையும் வெறும் வயிற்றோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு லேப்பில் விட்டான். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள், இட்லிக்கு டோக்கன் கொடுத்தார்கள். இட்லி ஆறிப்போயிருந்தது என்று தம்பி மனைவி சண்டை போட்டதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மாலையில் ஒரு டாக்டர் அம்மா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கீங்கம்மா, எண்ணெய்ப் பலகாரத்த மட்டும் கொறைங்க" என்றார். அறிக்கைகளைக் கோத்த தடிமனான ஒரு பச்சைக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். விமானத்தில் ஊறுகாய்ப் பாட்டிலைப் பெட்டியில் போட்டேன், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு மதிப்பு அதற்கு.

கிள்ளானில் வயிற்றுவலி டாக்டரைப் பார்க்கப் போன முதல் நாளே அந்தக் கோப்பை மேசை மேல் வைத்தேன். அவர் கேட்கவே இல்லை. நம் ஊரில் கோப்புக் கொண்டுபோகாத நோயாளியை டாக்டருக்குப் பிடிக்காது. அந்தப் பழக்கம். அவர் புரட்டிப் பார்த்து, பதினான்காம் பக்கத்தில் விரலை வைத்தார். ஸ்கேன் அறிக்கை. பித்தப்பையில் நாலு மில்லிமீட்டரில் ஒரு கல். அது அப்போதே இருந்திருக்கிறது. மருத்துவமனை அந்தப் பக்கத்தையும் நகலெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது. ஆகவே என்னை மாட்டிவிட்டது யார் என்று கேட்டால், நானேதான்.

4

என் வீட்டுக்காரர் மாணிக்கம் இங்கே பக்கத்தில் பந்திங்கில் பிறந்தவர். துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். குரலை உயர்த்துகிற ஆளில்லை. அன்று உயர்த்தினார்.

"யாரு உன்ன அந்த ஃபைல கொண்டுபோவ சொன்னது? டாக்டர் கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்காதத ஏன் குடுத்த? இப்ப எங்க போய் நிக்கிறது? இன்னொரு தடவ வலி வந்து வெடிச்சிருச்சுன்னா?"

அவர் பயத்தில்தான் கத்துகிறார் என்று தெரிந்தது. அரசாங்க மருத்துவமனையில் பெயர் கொடுத்தோம். நாலு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அதுவரை எண்ணெயில்லாமல் கஞ்சியும் அவித்த காயுமாகச் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன்.

பரமேஸ் அக்காவிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தேவி, எல்லாருக்கும் நான் இப்படித்தான் டிக் பண்றது. யாருக்கும் ஒண்ணும் வந்ததில்ல."

"கேள்வியப் படிச்சுக் காட்டலன்னு ஒரு கடிதம் குடுங்கக்கா. போதும்."

"என் லைசன்ஸ் போயிரும் லா. இருபது வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்."

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவர் விளக்குப் போட வரவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவரை இழுத்துத் தெருவில் விடுவதால் என் கல் கரையப்போவதில்லை.

தம்பிக்கு விஷயம் போனது. அவன் உடனே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, அந்த லேப்புல நம்ம பய ஒருத்தன் இருக்கான். தேதிய மாத்திப் புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்துருவான், பழசுல தேதி தப்பா விழுந்திருச்சுன்னு லெட்டரும் தருவான். நீ பாலிசி எடுத்ததுக்கு அப்புறம் எடுத்த மாதிரி. ரெண்டே நாள்ல கூரியர்."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். எளிய வழி. பாசத்தில் சொல்கிறான். ஊரில் இப்படி ஒரு கடிதம் வாங்குவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் மறைத்தாய் என்று எழுதியிருக்கிறார்களே, அந்தத் தேதியை மாற்றிவிட்டால் அது உண்மையாகிவிடும். காலையில் அவனைக் கூப்பிட்டேன்.

"வேணாம் செல்வம்."

"ஏன்க்கா, உயிரு முக்கியமில்லையா?"

"முக்கியம்தான்டா. ஆனா நான் செய்யாததுக்குத்தான் இப்ப சண்ட போடப் போறேன். அத செஞ்சுட்டுப் போயி எப்படிடா நிக்கிறது?"

அவனுக்குக் கோபம். இரண்டு வாரம் பேசவில்லை.

5

என் தையற்கடை லிட்டில் இந்தியாவில், புடவைக்கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டு, பாலிசிப் புத்தகத்தைப் பிரித்து நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் துணி பரப்புவது போல வரிசையாகப் பரப்பினேன். கையில் மார்க்கிங் சாக்பீஸ். எதிரே போனை நிறுத்தி, அதில் யாழினி. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டினால் வரும், பொருள் வராது. அவள் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

நான் பணம் கட்டி எதை வாங்கியிருக்கிறேன் என்று ஒன்றரை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், எந்த நாட்டில் இருந்தாலும் உதவும். படுக்கையில் சேர்ந்தால் உண்டு, வெறுமனே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் இல்லை. அறை வாடகைக்கு ஒரு வரம்பு, அதற்கு மேல் போனால் நம் பாடு. பல், கண்ணாடி, பிரசவம் இல்லை. முதல் முப்பது நாளில் விபத்தைத் தவிர எதுவும் இல்லை. சில வியாதிகளுக்கு நூற்றிருபது நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூலம் எல்லாம் இருக்கிறது. பித்தப்பைக் கல்லும் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. அந்தப் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன்.

"அம்மா, நில்லுங்க. இங்க இருக்கு. முன்னாடியே இருந்த சீக்குன்னா என்னன்னு எழுதியிருக்காங்க."

"படி."

"சும்மா இருந்தா மட்டும் பத்தாதாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா ஒரு நார்மல் ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்ங்கிற மாதிரி இருக்கணும். டாக்டர் சொல்லியிருக்கணும், இல்ல மருந்து சாப்பிட்டிருக்கணும், இல்ல நல்லாத் தெரியற மாதிரி வலி இருந்திருக்கணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே! யாரும் சொல்லலையே!"

"அத எப்படிம்மா ப்ரூவ் பண்றது?"

பச்சைக் கோப்பை எடுத்து அவளுக்கு முதல் பக்கத்தைக் காட்டினேன். அவள் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பக்கத்தைப் போனுக்கு அருகே பிடித்தபோது, "இது என்ன தமிழ்லயே இருக்கு?" என்றாள். அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. அந்த லேப்பில் நோயாளிக்குப் புரியட்டும் என்று முதல் பக்கத்தை மட்டும் தமிழில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். "வயிறு ஸ்கேன்: இயல்பு. பொதுவான முடிவு: நலம். எண்ணெய்ப் பலகாரம் குறைக்கவும். ஓராண்டு கழித்து மீண்டும் வரவும்." கீழே டாக்டர் அம்மாவின் கையெழுத்து.

பதினான்காம் பக்கம் ஆங்கிலத்தில் இருந்ததால் இங்குள்ளவர்கள் படித்துவிட்டார்கள். முதல் பக்கம் தமிழில் இருந்ததால் தாண்டிப் போய்விட்டார்கள். நான் முதல் பக்கத்தைப் படித்தேன், பதினான்கைப் படிக்கவில்லை. கோப்பு ஒன்றுதான்.

யாழினி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பிறகு, "அம்மா, நெக்ஸ்ட் சண்டே நான் வீட்டுக்கு வரேன், அப்பீல் லெட்டர் சேர்ந்து எழுதலாம்" என்றாள். அவள் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கல்லுக்கு நன்றி சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன்.

பாலிசிப் புத்தகத்தின் கடைசியில் இருந்த ஃபாரத்தின் நகலையும் அன்றே பார்த்தோம். குங்குமக் கறை நகலில் கறுப்பாக விழுந்திருந்தது. அதற்கு மேலே ஒரு கேள்வி. கடந்த ஐந்து ஆண்டில் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் செய்ததுண்டா? இல்லை என்ற கட்டத்தில் டிக். கீழே என் கையெழுத்து, ஊரில் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அதே வளைவோடு. அதைப் பார்த்தபோது உடம்பு கூசியது. யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை.

6

தமிழ்ப் பக்கத்தை மொழிபெயர்த்துச் சான்றோடு கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரலுக்குப் போய், பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தேன். பூக்கடைக்கு மேல் மாடியில் ஒரு அம்மாள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, இப்போது சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"பத்தே வரிதான். ஒரு மணி நேரத்துல தரேன்."

"மேடம், கல்லப் பத்தி என்கிட்ட யாரும் சொல்லலைன்னு ஒரு வரி சேர்த்துப் போடலாமா? உண்மைதான் அது."

"எழுதியிருக்கா?"

"எழுதல."

"அப்ப நானும் எழுத முடியாது லா. இதுல இல்லாத ஒரு சொல்ல நான் போட்டேன்னா, என் சாப்புக்கு அப்புறம் என்ன மதிப்பு?"

இங்கே ரப்பர் முத்திரையைச் சாப் என்பார்கள். சாப் இல்லாத தாளுக்கு இந்த நாட்டில் மரியாதை இல்லை. எனக்கு முகம் சிறுத்துவிட்டது. தம்பிக்கு அவ்வளவு சொன்னவள், ஒரு வரிக்கு நானே ஆசைப்பட்டுவிட்டேன். கீழே போய் ஒரு தே-ஓ குடித்துவிட்டு வந்தேன். பத்து வரியும் நீல மையில் வட்டச் சாப்போடு தயாராக இருந்தன.

"இதுவே போதும்மா. இயல்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. தைரியமா கொண்டுபோங்க" என்றார் அந்த அம்மாள்.

7

மொழிபெயர்ப்பைச் சேர்த்து அனுப்பிய அப்பீலுக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒப்புதல். வீட்டுக்காரர் லோரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் போன் செய்தார். திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் தேதி வாங்கினோம். செல்வமும் பேசினான். "எங்க ஊரு லேப்பு காப்பாத்திருச்சு பாத்தியா" என்றான். சரி என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், வீட்டுக்கு வந்திருந்த யாழினி கடிதத்தை முழுதாகப் படித்துச் சொன்னாள். "ஒருமுறை மட்டும், நல்லெண்ண அடிப்படையில்" தருகிறார்களாம். முந்தைய கடிதத்தில் எழுதிய இரண்டாவது காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அப்ப நான் மறைச்சேங்கிறது அப்படியே இருக்கா?"

"இருக்கு போல. எடுத்துட்டோம்னு எங்கயும் போடல."

"பணம்தான் குடுத்துட்டாங்களே தேவி, இன்னும் என்ன?" என்றார் வீட்டுக்காரர். "அவங்கள நோண்டி, குடுத்தத திருப்பி வாங்கிக்கப் போறாங்க."

"வாங்கட்டும். பொய்க்காரிக்குப் பாவம் பாத்துக் குடுத்த மாதிரி இருக்குங்க இது."

அன்றிரவே இன்னொரு கடிதம் எழுதினோம். இந்த முறை நான் தமிழில் சொல்லச் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் அடித்தாள். "ஃபாரத்தில் இருக்கும் தவறான பதிலுக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. படிக்காமல் போட்டது என் தவறு. அதை என் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனை நான் மறைக்கவில்லை. யாரும் கேட்காமலே அதை மருத்துவமனை மேசையில் கொண்டுவந்து வைத்தவள் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானே கோலாலம்பூர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. கவுன்டரில் ஒரு மலாய்க்காரப் பெண். கணினியைப் பார்த்துவிட்டு, அக்கா, உங்களுக்குத்தான் ஒப்புதல் ஆகிவிட்டதே, இது எதற்கு என்று கேட்டாள்.

"உங்கள் கோப்பில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எடுக்க" என்றேன், என் உடைந்த மலாயில்.

"அதற்கு இங்கே ஃபாரம் கிடையாதே."

"அதனால்தான் கடிதமாகக் கொண்டுவந்தேன். நகலில் சாப் அடித்துக் கொடுங்கள்."

அவள் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். சாப் அடித்தாள். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது. பதில் வரப் பதினான்கு வேலைநாள் ஆகும், வீட்டுக்கே அனுப்புவோம் என்றாள்.

"அனுப்ப வேண்டாம். அதற்குள் எனக்குத் தையல் பிரித்திருப்பார்கள். பதினைந்தாவது நாள் நானே வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.